உன் பெயரில் நான் தட்டிய எண்பத்தைந்து

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை உன் பெயர் என் திரையில் வந்து நின்றது. ஒரு டிராயிங்கின் வலது கீழ் மூலை. ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் உன் இனிஷியலும் பெயரின் முதல் மூன்று எழுத்துகளும். யாரோ அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, அங்கிருந்து ஓர் அம்புக்குறியை இழுத்து, மேலே இருக்கும் ஓர் அளவில் கொண்டுபோய்க் குத்தியிருந்தார்கள். எண்பத்தைந்து.

புதிதாகச் சேர்ந்திருக்கும் எட்டுப் பேருக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமாம். அதற்காக ஹெச்.ஆர். அனுப்பிய ஸ்லைடுகளில் அது பதினான்காவது. ‘எண்ணை மாற்றாதீர்கள், மாடலை மாற்றுங்கள்’ என்று தலைப்பு. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இது இங்கே நடந்த சம்பவம், கான்ட்ராக்ட் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் முந்நூறு தகடுகள் குப்பைக்குப் போயின.

நீ செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ‘மறைந்து’ என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் செத்து என்றே எழுதுகிறேன். இங்கே இரண்டு வருஷம் உழைத்த உன்னைப் பற்றி இந்தக் கம்பெனியில் மிச்சமிருப்பது அந்த ஒரு வரி. அது பொய். பொய் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ, நம் டீம் லீட் ஹரீஷ் சார், அப்புறம் நான். செய்தவளிடமே அனுப்பி, செய்யாதவளைக் காட்டிப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள்.

நாம் இருவரும் ஒரே திங்கட்கிழமையில் வைட்ஃபீல்ட் ஆபீசுக்குள் நுழைந்தவர்கள். ஒரே வயது. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வேலையும் ஒன்றுதான்: பேக்கிங் இயந்திரங்களின் பாகங்களைக் கணினியில் முப்பரிமாண மாடலாகச் செய்து, அதிலிருந்து டிராயிங் எடுத்துக் கொடுப்பது. நான் பி.இ., அதனால் கம்பெனி ஆள். நீ டிப்ளமோ, அதனால் ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட் ஆள். அடையாள அட்டையைத் தொங்கவிட என் கழுத்தில் நீலப் பட்டை, உன் கழுத்தில் ஆரஞ்சு. நான் கதவில் கார்டைக் காட்டி உள்ளே போவேன். நீ கேட்டில் செக்யூரிட்டியின் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்னை ஏற்றிவர மல்லேஸ்வரத்துக்குக் கம்பெனியின் ஷட்டில் பஸ் வரும். நீ லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி, டின் ஃபேக்டரி ஸ்டாப்பில் இடிபட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரை நடந்து முடிப்பாய்.

ஒரு நாள் ஷட்டில் நாற்பது நிமிஷமாக ஒரே இடத்தில் நின்றிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துவந்த நீ என் ஜன்னலைத் தட்டினாய்.

“என்ன மல்லேஸ்வரம் மேடம், ஏசி போதுமா? நிதானமா வாங்க. நான் போய் உங்க கம்ப்யூட்டரை ஆன் பண்ணி வைக்கறேன்.”

உள்ளே இருந்த அத்தனை நீலப் பட்டைகளும் சிரித்தன. நானும் சிரித்தேன். ஜோக் என்று நினைத்தேன்.

மென்பொருளுக்கு மட்டும் பட்டையின் நிறம் தெரியாது. தப்பாகச் செய்தால் பி.இ.க்கும் சிவப்பு எழுத்தில் திட்டு, டிப்ளமோவுக்கும் சிவப்பு எழுத்தில் திட்டு. ஆரம்பத்தில் என் மாடல்கள்தான் அதிகம் சிவந்தன. ஓர் ஓரத்தை வளைவாக்கினால் நான்கு துளைகள் காணாமல் போகும். ஒரு தகட்டின் நீளத்தைக் கூட்டினால் அதில் மாட்டிய மூடி போய் அந்தரத்தில் தொங்கும். நீ நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு வருவாய்.

“எதைப் புடிச்சு அளந்த?”

“அந்த விளிம்பை.”

“அந்த விளிம்பைத்தான் நீயே தேய்ச்சு உருட்டிட்டியே லூசு. இல்லாத விளிம்பை அது எங்க போய்த் தேடும்? நடுத் தளத்தைப் புடிச்சு அள. அது எங்கயும் ஓடாது.”

மற்ற நாங்கள் எல்லோரும் மாடலின் படிகளுக்கு வெட்டு 46, வெட்டு 47 என்று கணினி கொடுக்கும் பெயரையே விட்டுவைப்போம். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் எது எதற்கு என்று செய்தவருக்கே தெரியாது. நீ ஒவ்வொரு படிக்கும் பெயர் வைப்பாய். ‘வயர் போற ஓட்டை’. ‘மோட்டார் உக்கார்ற இடம்’. ‘இதைத் தொட்டா சங்குதான்’. ஆங்கில எழுத்தில் தமிழ். ஹரீஷ் சார் ஒரு முறை உன் திரையில் குனிந்து பார்த்து, “ஏன் மா, இது என்ன சங்கு?” என்று கேட்டார். நீ முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், “அது ஒரு டெக்னிகல் டெர்ம் சார்” என்றாய். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் பாத்ரூமுக்கு ஓடிப் போய்ச் சிரித்தேன்.

ஒரே ஒரு குறுக்குவழியை நீ தொட மாட்டாய். டிராயிங்கில் இருக்கும் அளவை இரண்டு முறை தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். மாடலில் எது இருந்தாலும் அதன் மேல் நமக்கு வேண்டிய எண்ணைத் தட்டிக்கொள்ளலாம். காகிதத்தில் புது எண் வரும், மாடல் பழையபடியே கிடக்கும். அவசரத்துக்கு எல்லோரும் செய்வோம். நீ மட்டும், “மாடல்தான் ஆளு. டிராயிங் அந்த ஆளோட போட்டோ. போட்டோல மூக்கைச் சின்னதா வரைஞ்சுட்டா, மூஞ்சில இருக்க மூக்கு சின்னதாயிடுமா?” என்பாய்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இதை ஒரு முறையாவது முழுதாக எழுத வேண்டும்.

உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நீ பன்னிரண்டரைக்குப் பர்மிஷன் எழுதிக் கொடுத்து, கேட் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். மூன்றரை மணிக்கு க்ளையன்ட்டிடமிருந்து மெயில் வந்தது. மோட்டார் மாட்டுகிற தகட்டில் இரண்டு துளைகளுக்கு நடுவே 82 மில்லிமீட்டர் இருக்கிறது, அதை 85 ஆக்க வேண்டும், இன்றே வேண்டும். அந்தத் தகடு என்னுடையது. நான் செய்த மாடல், நான் போட்ட துளை.

பதினொரு பேருக்கு அந்த மென்பொருளின் ஆறு லைசென்ஸ்தான் அப்போது. எந்த மெஷின் காலியாகிறதோ அதில் போய் உட்கார்ந்துகொள்வோம். அதற்காக எல்லா பாஸ்வேர்டையும் மானிட்டருக்குப் பின்னால் எழுதி ஒட்டச் சொன்னவர் ஹரீஷ் சார். அன்று உன் மெஷின் காலி. உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் லாகினில், 82-ஐ 85 ஆக்கினேன். மேலிருந்து கீழ் வரை சிவந்தது. இருபத்து மூன்று பிழைகள். எல்லாவற்றையும் விளிம்பைப் பிடித்துத்தான் அளந்திருந்தேன். நீ அத்தனை முறை சொல்லியும்.

உனக்குப் போன் செய்யலாம் என்று தோன்றியது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருப்பாய், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டேன். இப்படிச் சொன்னால் நல்லவள் மாதிரி இருக்கிறது. என் மாடலின் லட்சணத்தை நீ பார்க்கக் கூடாது என்பதுதான் உண்மை.

ஹரீஷ் சார் பின்னால் வந்து நின்று, தன் கன்னடம் கலந்த தமிழில் நேரம் கேட்டார். “இன்னும் எஷ்டு ஹொத்து மா? அஞ்சு மணிக்கு மெயில் போகணும்.”

“உடைஞ்சிருக்கு சார். அடியிலேந்து சரி பண்ணணும். ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“ரெண்டு மணி நேரமா? நம்பரை டைப் பண்ணி அனுப்பு. மாடலை மண்டே பாத்துக்கலாம்.”

மாடலை 82-க்கே திருப்பினேன். சிவப்பு போய்விட்டது. டிராயிங்கில் அளவை இரண்டு முறை தட்டினேன். 85. மணி நாலு ஐம்பத்திரண்டு. சேமித்ததும் ‘வரைந்தவர்’ கட்டம் லாகினிலிருந்து தானாக நிரம்பியது. உன் பெயர். அதை நான் கவனிக்கவே இல்லை. ஷட்டில் ஐந்தேகாலுக்கு.

திங்கட்கிழமை என்னை ஒரு வாரத்துக்கு க்ளையன்ட் இடத்துக்கு அனுப்பினார்கள். மாடலைத் திருத்த வேண்டும் என்பது செவ்வாய் வரை நினைவில் இருந்தது. அப்புறம் இல்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மணி நேரம் ஆவதை நீ அரை மணியில் முடித்திருப்பாய்.

தகடு வெட்டுகிறவருக்குக் காகிதம் மட்டும் போவதில்லை. வெட்டுவதற்கான கோப்பும் போகும். அதை மாடலிலிருந்து நேரே எடுப்பார்கள். லேசர் இயந்திரம் காகிதத்தைப் படிக்காது. முந்நூறு தகடுகளும் பளபளவென்று, மிகச் சுத்தமாக, 82-ல் வெட்டப்பட்டு வந்து சேர்ந்தன. ஒரு மோட்டாரும் உட்காரவில்லை.

கண்ணாடி ரூமில் நால்வர். மேனேஜர், ஹரீஷ் சார், நீ, நான். மேஜையில் பிஸ்கட் தட்டு.

“ஃபைல் ஹிஸ்டரில உங்க லாகின் இருக்கு” என்றார் மேனேஜர்.

“நான் அன்னிக்குப் பன்னண்டரைக்கே போயிட்டேன் சார். கேட் நோட்டுல பாருங்க.”

“அப்போ உங்க பாஸ்வேர்டு இன்னொருத்தர்கிட்ட எப்படிப் போச்சு? அதுவே எவ்வளவு பெரிய தப்பு, தெரியுமா?”

நீ ஹரீஷ் சாரைப் பார்த்தாய். அவர் போனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தாய். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன். அடுத்த மாதம் எனக்கு அப்ரைசல். காரணம் அவ்வளவுதான். இன்னும் பெரிதாக ஏதாவது இருந்தால் சொல்லிக்கொள்ளக் கௌரவமாக இருந்திருக்கும்.

நீ என் பெயரைச் சொல்லவில்லை. நானே சொல்லட்டும் என்று எனக்கு இடம் விட்டாய் என்பது இப்போது தெரிகிறது. எத்தனை விநாடி விட்டாய் என்பதும் தெரியும், அந்த விநாடிகளை நான் உட்கார்ந்து கழித்தவள். மேனேஜர் அந்தக் கேட் நோட்டைக் கொண்டுவரச் சொல்லவே இல்லை. இரண்டு மாடி கீழே இருந்தது. லிஃப்ட் வேலை செய்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஷட்டிலை விட்டுவிட்டு உன் பின்னால் பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வந்தேன்.

“வாயில என்ன, கோந்தா தடவிட்டு வந்த?” என்றாய்.

“நான் சொல்லிடறேன்டி. மண்டே போய்ச் சொல்லிடறேன்.”

“உங்க கம்பெனில எல்லாமே மண்டேதான்.”

“சாரிடி...”

“சும்னே சாரி சாரின்னு பேசாத. எனக்கு எது எரியுது தெரியுமா? நீ சொல்லியிருந்தா உன்னை ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க. ‘கேர்ஃபுல் மா’ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க. உனக்கு ஒண்ணுமே ஆகாத விஷயத்துக்கு நீ பயந்துட்டு, என்னைக் கொண்டுபோய்க் குடுத்துட்ட.”

பஸ் வந்தது. ஏறிவிட்டாய். திங்கட்கிழமை நான் சொல்லவில்லை. மாதக் கடைசியில் உன் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. ஏஜென்சி உனக்கு ஒரு கடிதம் கொடுத்தது. அதைக் காட்டி எந்த இடத்திலும் வேலை கிடைக்காது என்பதால் காட்டாமலே கிடைத்த வேலைக்குப் போனாய். கம்மனஹள்ளிப் பக்கம், சமையலறை அலமாரி செய்கிற ஒரு கடையில் டிராயிங். எனக்கு அப்ரைசல் நன்றாக வந்தது.

இரண்டு மாதம் உன்னிடம் பேச எனக்கு முகம் இல்லை. ஒரு நாள் ஒரு புனல் செய்ய வேண்டியிருந்தது. மேலே சதுரம், கீழே வட்டம், நடுவில் உருவம் துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டது. மூன்று மணி நேரம் போராடிவிட்டு, திரையைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். பதில் வராது என்றிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் வந்தது.

‘ரெண்டு ஸ்கெட்ச்லயும் ஆரம்பப் புள்ளி நேருக்கு நேர் இருக்கா பாரு. நீ ஒருத்தன் தலையையும் இன்னொருத்தன் காலையும் சேத்துக் கட்டியிருக்க.’

சரியாகிவிட்டது. நன்றி என்று அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: ‘மாடல் சந்தேகம்னா கேளு. வேற எதுவும் பேசாத.’

அதற்குப் பிறகு எட்டு மாதம் நமக்குள் இருந்தது அது மட்டும்தான். தகட்டுப் பெட்டி தட்டையாக விரிய மாட்டேன் என்கிறது என்பேன். மூலைல இடைவெளி விட்டியா, ஒரு கல்யாணப் பத்திரிகையை மடிச்சுப் பாரு, புரியும் என்பாய். முழு இயந்திரத்தையும் திறந்தால் கணினி நின்றுபோகிறது என்பேன். மோட்டாருக்குள்ள இருக்க ஸ்க்ரூ மரையெல்லாம் யாரு பாக்கப்போறா, உள்ள இருக்கறதை அழி, வெளித்தோல் போதும் என்பாய். வளைவுகள் தோற்றுப்போகின்றன என்றால், பெருசை முதல்ல போடு, சின்னதைப் பின்னாடி போடு, வளைவு எல்லாத்தையுமே மாடலோட கடைசில போடு. பிரிண்ட்டில் புள்ளிக்கோடு முழுக்கோடாக வருகிறது என்றால், கோட்டோட ஸ்கேலைப் பாரு, அப்படியே கண்ணையும் செக் பண்ணு.

சில கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியும். தெரிந்துதான் கேட்டேன். உனக்கும் அது தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்த மாதிரிக் கேள்விகளுக்கு மட்டும் பதில் தாமதமாக வரும், கடுப்பாக வரும். ஆனாலும் வரும்.

கடைசியாக நான் கேட்டது, பாகத்தைக் குறுக்கே வெட்டி உள்ளே காட்டும் வெட்டுத் தோற்றம் பற்றி. பாகத்தோடு போல்ட்டையும் சேர்த்து வெட்டிவிடுகிறது, போல்ட்டை மட்டும் எப்படி விடுவிப்பது என்று. அதற்கும் எனக்கு விடை தெரியும். அந்த மெசேஜ் ஒற்றை டிக் விழுந்ததோடு நின்றது, உன்னிடம் போய்ச் சேரவில்லை. அடுத்த நாளும் ஒரு டிக்தான். நான்காம் நாள் உன் நம்பரிலிருந்து உன் அம்மா போன் செய்தார்.

டெங்கு. ஆறு நாள். உன் சாவுக்கும் அந்தத் தகட்டுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் இருந்திருந்தால் எனக்கு அழுவதற்கு ஒரு ஒழுங்கு இருந்திருக்கும். உன் தெருவில் தோண்டிப் போட்ட பள்ளத்தில் மூன்று மாதமாகத் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். அதையும் யாரோ மண்டே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை வகுப்பு. எட்டுப் பேரில் மூவர் கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை. கடைசி வரிசையில் ஹரீஷ் சாரும் ஹெச்.ஆர். பெண்ணும். பதினான்காவது ஸ்லைடைத் தாண்டிவிடலாம் என்றுதான் போனேன், ஒளிக்காமல் சொல்கிறேன். பட்டனை இரண்டு முறை அமுக்கினால் போதும். ஒரு முறைதான் அமுக்கினேன் போலிருக்கிறது, வந்து நின்றுவிட்டது.

முன்வரிசையில் ஆரஞ்சுப் பட்டை போட்ட ஒரு பெண் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டாள், “இவங்களை அப்புறம் என்ன மேடம் பண்ணாங்க?”

“வேலையை விட்டு அனுப்பினாங்க.”

“ஒரு நம்பருக்கா?”

பக்கத்தில் இருந்த நீலப் பட்டைப் பையன், “பின்ன? முந்நூறு பீஸ் போச்சில்ல” என்றான். அவள் தலையைக் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நீ செய்யாத தப்பை, உன்னைப் பார்த்தே இராத ஒருத்தி, பயந்துகொண்டே எழுதிக்கொள்கிறாள். அதைப் பார்க்க முடியவில்லை.

“அந்த நம்பரைத் தட்டினது நான்” என்றேன். “அவங்க அன்னிக்கு ஆபீஸ்லயே இல்ல. அவங்க லாகின்ல நான் உக்காந்து தட்டினேன். என்கிட்ட அப்படித் தட்டச் சொன்னவர் கடைசி வரிசையில இருக்கார். கேட் நோட்டை யாரும் பாக்கல. நான் வாயைத் திறக்கல. அந்தப் பொண்ணு இப்ப உயிரோட இல்ல.”

பிறகு ஹெச்.ஆர். பெண் எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தாள். “எவ்வளவு தைரியம்” என்று சொல்லிக் கை தட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். ஹரீஷ் சாரும் தட்டினார். “யெஸ், டீமா நாங்க எல்லாரும் இதுலேந்து கத்துக்கிட்டோம்” என்றார். ஆரஞ்சுப் பட்டைப் பெண் மட்டும் தட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஹெச்.ஆரிடமிருந்து மெயில்: அடுத்த மாதப் பாராட்டுப் பட்டியலுக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறார்களாம். நேர்மைக்காக.

பஸ் ஸ்டாப்பில் நீ சொன்னதுதான் நடந்தது, அதைவிடக் கேவலமாக நடந்தது. செய்யாத உன்னைத் துரத்தினார்கள். செய்த எனக்குக் கை தட்டினார்கள். ஒரே தப்பு, ஒரே கட்டடம், பட்டையின் நிறம் மட்டும் வேறு. அன்றைக்கே சொல்லியிருந்தாலும் இதே கைதட்டல்தான் கிடைத்திருக்கும், உனக்கு வேலையும் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது என் கையை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து உன் அம்மா வீடு திரும்பும் நேரம் பார்த்து லிங்கராஜபுரம் போனேன். கூடத்தில் தையல் மெஷின் மேல் பாதி தைத்த ரவிக்கை. சுவரில் மாதாவுக்குப் பக்கத்தில் நீ.

“ஆன்ட்டி, அந்தத் தகடு விஷயம். அதை அவ பண்ணல. நான் பண்ணது.”

தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டே, “தெரியும்” என்றார்.

நான் சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்தேன்.

“அன்னிக்கு ரெண்டு மணிலேந்து ஏழு மணி வரைக்கும் என் கையைப் புடிச்சுக்கினு பக்கத்துலயே உக்காந்திருந்தா. என் கண்ணுல கட்டு. எனக்கு அவ கை மட்டும்தான் தெரிஞ்சுது. அந்தக் கை எப்டிம்மா வைட்ஃபீல்டுல போய் நம்பர் தட்டும்?”

“நான் தட்டினேன்னும் தெரியுமா?”

“அவதான் சொன்னா. அடக்கத்துக்கு வந்த, முப்பதாம் நாள் பூசைக்கு வந்த, காபி குடிச்சிட்டுப் போன. சொல்லுவியான்னு ரெண்டு வாட்டியும் உன் மூஞ்சியைப் பாத்தேன்.”

“இப்ப ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் ஆன்ட்டி.”

“இன்னா சொன்னாங்க?”

“கை தட்டினாங்க.”

உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். ஏஜென்சியின் கடிதம். உன் முழுப் பெயர், அதற்குக் கீழே ‘பணியில் கவனக்குறைவு’ என்று ஆங்கிலத்தில், அடியில் ஊதா சீல்.

“இதை அவளே எனக்குப் படிச்சுக் காட்டுனா. ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லி. அவ பேரு இருக்கு பாரு, சீல் இருக்கு பாரு. கை தட்டுனதுல சீல் இருக்கா?”

“இல்ல.”

“இன்னாத்துக்கு அழுவுற? அழுவாத. இதுக்கு மாத்து எழுதி, சீல் போட்டு வாங்கிட்டு வா. அது வர வரைக்கும் இங்க வராத.”

குரலை உயர்த்தவில்லை. நான் செருப்பு மாட்டும் வரை வாசலில் நின்றார். காபி கேட்கவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அம்மாவிடம் சொன்னாய், என்னிடம் மட்டும் ‘வேற எதுவும் பேசாத’ என்றாய். நான் வாயை மூடிக்கொண்டு இருக்க நீயே ஒரு வசதி செய்து கொடுத்தாய். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் நீ என்னைக் கிழித்திருந்தால் நான் ஒருவேளை சொல்லியிருப்பேன். இதையும் உன் தலையில்தான் கட்டுகிறேன், பார். பழகிப்போய்விட்டது.

இந்தத் திங்கட்கிழமை ஹெச்.ஆரிடம் போனேன். கடிதம் ஏஜென்சியுடையது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். வேண்டுமானால் ஸ்லைடில் பெயரை மறைத்துவிடலாம் என்றார்கள். ஏஜென்சிக்குப் போன் செய்தேன். அந்தக் கான்ட்ராக்ட் முடிந்த விஷயம், உங்கள் கம்பெனி எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். எழுத்தில். சரி, எழுத்தில் என்றால் எங்கள் தொழிலில் ஓர் இடம் இருக்கிறது. எந்த டிராயிங்கிலும் மேல் மூலையில் திருத்தப் பட்டியல் என்று ஒன்று உண்டு. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்று அதில் ஏறிவிட்டால் யாரும் அழிக்க முடியாது. கம்பெனியே ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அந்தத் தகட்டின் டிராயிங்குக்குத் திருத்தக் கோரிக்கை போட்டேன். ‘இந்த அளவைத் தவறாகத் தட்டியவர்’ என்ற இடத்தில் என் முழுப் பெயர். ‘வரைந்தவர் கட்டத்தில் உள்ள பெயர் தவறு, நீக்கப்படுகிறது’ என்று காரணம். ஒப்புதல் ஹரீஷ் சார் கையில். மத்தியானமே திருப்பி அனுப்பினார். ‘பாகம் உபயோகத்தில் இல்லை. திருத்தம் தேவையில்லை.’ மறுபடி அனுப்பினேன். மறுபடி திருப்பினார். இப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

நேற்று என் மேஜைக்கு வந்தார். “ஏன் மா சும்மா சும்மா கிரிகிரி பண்ற? அவளே இப்ப இல்லையே.”

“லெட்டர் இருக்கு சார்.”

“எந்த லெட்டர்?”

“அவங்க வீட்டு பீரோல.”

பிறகு மெதுவாக, “அடுத்த மாசம் அப்ரைசல், ஞாபகம் இருக்கில்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார். மிரட்டல் கூட இல்லை அது. நல்லது சொல்கிற குரல்.

இதுவரை ஒன்பது கோரிக்கை போயிருக்கிறது. நிராகரித்தவையும் வரிசை எண்ணோடு சிஸ்டத்தில் நிற்கின்றன, யார் அனுப்பியது, யார் திருப்பியது என்று இரண்டு பெயரோடும். உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட அதில் ஒரு சீலும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கண்ணாடி ரூமில் இருந்த அதே பயம், ஒரு துளி குறையவில்லை. இந்தப் பயம் போன பிறகு பேசலாம் என்று இருந்துதான் உன்னைத் தொலைத்தேன். நாளைக் காலை ஒன்பதரைக்குப் பத்தாவது போகும். என் லாகினில்.